‘மீட்டிங்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வரலாமா? அமெரிக்க பி1 விசா நேர்காணலுக்குப் போகும் தம்பிக்கு

தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: இந்தியப் பாஸ்போர்ட், சிங்கப்பூரில் இபி எனும் வேலை அனுமதி, துவாஸில் பேக்கிங் மெஷின் செய்யும் கம்பெனியில் நாலு வருடமாக சர்வீஸ் என்ஜினியர். டெக்சஸில் ஒரு வாடிக்கையாளருக்கு விற்ற மெஷினை நிறுவிக் கொடுக்க மூன்று வாரம் போக வேண்டும். அடுத்த வியாழக்கிழமை நேப்பியர் ரோட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல். ஏஜென்ட் ஒருவர், “இன்ஸ்டலேஷன் என்று வாயைத் திறக்காதே, மீட்டிங் என்று மட்டும் சொல்” என்கிறாராம். டாலஸில் அண்ணன் இருக்கிறார், அதைச் சொல்வதா மறைப்பதா? ஆங்கிலமும் சுமார்தான். என்ன செய்வது?

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் வக்கீல் இல்லை. இங்கே ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாக என்ஜினியர்களை ஊர் ஊராக அனுப்பி வைக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் அடிப்பது, படிவம் சரிபார்ப்பது, திரும்பி வந்து புலம்புவதைக் கேட்பது, எல்லாம் இந்த மேசையில்தான். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஏஜென்ட் சொன்னதை அப்படியே தேக்கா கடைவீதியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் பயணம் பி1 விசாவில் ஒழுங்காக அடங்கும் பயணம். மறைக்க அதில் ஒன்றுமே இல்லை. இல்லாத ஒன்றை மறைக்கப் போய்த்தான் நல்ல கேஸ்கள் கெடுகின்றன.

பி1 என்றால் என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் பிடித்துக்கொள்ளலாம்: அமெரிக்காவில் வியாபாரக் காரியமாகப் போகலாம், அங்கே வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி உழைக்கக்கூடாது. ஒப்பந்தம் பேசலாம், வாடிக்கையாளரைப் பார்க்கலாம், மாநாட்டில் கலந்துகொள்ளலாம், ஆர்டர் எடுக்கலாம். சம்பளம் அமெரிக்காவிலிருந்து வரக்கூடாது. இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு ஒரு பழைய தையல்காரர் வழக்கு உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஹாங்காங் தையல் கம்பெனி ஒன்றின் ஆள் அமெரிக்காவுக்குப் போய் வாடிக்கையாளர்களுக்கு அளவெடுத்து, ஆர்டரையும் பணத்தையும் வாங்கி ஹாங்காங்குக்கு அனுப்புவார், துணி அங்கேதான் தைக்கப்படும். இது வேலையா, வியாபாரமா என்று வழக்கு வளர்ந்து 1966ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் வரை போனது. வியாபாரம்தான், பி1 செல்லும் என்று முடிந்தது. காரணம், கடை இருப்பது ஹாங்காங்கில், லாபம் போய்ச் சேர்வதும் ஹாங்காங்குக்கு. ஹிரா வழக்கு என்று சொன்னால் குடியேற்ற வக்கீல்களுக்கு இன்றைக்கும் தெரியும். அதே ஆள் அங்கேயே ஒரு கடையில் உட்கார்ந்து தைத்திருந்தால் கதை வேறு.

சரி, உங்கள் விஷயம். மெஷின் நிறுவுவது பார்வைக்கு வேலை மாதிரிதான் இருக்கிறது, கையில் ஸ்பானர் இருக்கிறது, சட்டையில் கிரீஸ் ஒட்டுகிறது. ஆனாலும் அமெரிக்க விதியிலேயே இதற்கென்று தனியாக இடம் விட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாங்கிய மெஷினை நிறுவவும், சர்வீஸ் செய்யவும், பழுது பார்க்கவும், அங்கே இருக்கும் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் பி1ல் போகலாம். அதற்கு மூன்று விஷயம் பொருந்த வேண்டும். விற்பனை ஒப்பந்தத்திலேயே ‘விற்பவர் வந்து நிறுவித் தர வேண்டும்’ என்று எழுதியிருக்க வேண்டும். போகிற ஆளுக்கு அந்த மெஷினைப் பற்றிய சிறப்பு அறிவு இருக்க வேண்டும், தெருவில் போகும் எந்த ஃபிட்டரும் செய்யக்கூடியதாக இருக்கக்கூடாது. அமெரிக்கத் தரப்பிலிருந்து கூலி எதுவும் வாங்கக்கூடாது. உங்கள் சம்பளம் வழக்கம்போல சிங்கப்பூரில் ஏறும், ஓட்டல், சாப்பாட்டுச் செலவை வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அது கூலி ஆகாது.

இதில் முதல் விஷயம்தான் எல்லாரும் கோட்டை விடுகிற இடம். இன்றைக்கே உங்கள் சேல்ஸ் ஆட்களிடம் போய் அந்த ஒப்பந்தத்தைக் கேளுங்கள். முழுதாக வேண்டாம், நாற்பது பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள். முதல் பக்கம், இன்ஸ்டலேஷன், கமிஷனிங் (ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது), பயிற்சி பற்றிய ஷரத்து உள்ள பக்கம், கையெழுத்துப் பக்கம், இவ்வளவு போதும். விலையை மறைத்துக் கறுப்படித்துத் தந்தாலும் பரவாயில்லை. ஒப்பந்தத்தில் அப்படி வரியே இல்லை, வெறும் பர்ச்சேஸ் ஆர்டர்தான் இருக்கிறது என்றால், அதை இப்போதே உங்கள் எச்ஆரிடம் சொல்லி, வாடிக்கையாளரோடு பேசி ஒழுங்காக எழுதி வாங்கச் சொல்லுங்கள். பேச்சு நடக்கட்டும் என்று நேர்காணலைத் தள்ளிப் போட்டாலும் தப்பில்லை.

இன்னொரு நுணுக்கம்: கட்டுமான வேலைக்கு இந்தச் சலுகை கிடையாது. கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கலாம், சொல்லிக் கொடுக்கலாம், சொந்தக் கையால் செய்யக்கூடாது. ஆகவே மெஷினுக்கு அடியில் கான்கிரீட் தளம் போடுவது யார், சுவரைக் குடைந்து பவர் கேபிள் இழுப்பது யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளூர் கான்ட்ராக்டர் என்றால் நிம்மதி. அதிகாரி கேட்டால், “அந்த வேலை அவர்களுடையது, மெஷின் செட்டிங்கும் பயிற்சியும் என்னுடையது” என்று பட்டென்று சொல்ல முடியும்.

இவ்வளவு தூரம் இழுக்கிறேனே, இதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று நினைக்கலாம். 2025 செப்டம்பர் 4ம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய்–எல்ஜி பேட்டரி ஆலை கட்டும் இடத்தில் அமெரிக்க அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள், அதில் 300க்கும் மேற்பட்டவர்கள் தென்கொரியர்கள். ஆலையில் கருவிகளைப் பொருத்தப் போனவர்கள் அதில் ஏராளம், பி1லும், விசா இல்லாமல் போக இணையத்தில் வாங்கும் எஸ்டா அனுமதியிலும் போனவர்கள் பலர். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, கருவி நிறுவுவதும் பழுது பார்ப்பதும் பி1லும் எஸ்டாவிலும் அடங்கும் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டன. அனுமதி இருக்கிறது, தம்பி. ஆனால் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிப் போனவனுக்கும், ‘மீட்டிங்’ என்று சொல்லிவிட்டு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நின்றவனுக்கும் நிலைமை ஒன்றாக இருக்காது. விசா விண்ணப்பத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக எழுதிவிட்டால் அந்த முத்திரை ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும், தனியாக விலக்கு வாங்காமல் அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. ஏஜென்டுக்கு அதனால் ஒரு காசு நஷ்டம் இல்லை.

எங்கள் கம்பெனியிலேயே நடந்த கூத்து ஒன்று. ஒரு பையனுக்கு நாங்கள் அடித்துக் கொடுத்த கடிதத்தில், ‘வாடிக்கையாளரின் ஆலையில் மூன்று மாதம் வேலை செய்வார்’ என்று ஒரு வரி. யாரோ பழைய கடிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், நானும் கவனிக்காமல் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன். பையன் நல்லவன், கேட்டதற்குக் கடிதத்தில் இருந்ததையே ஒப்பித்திருக்கிறான்: “வேலை செய்யப் போகிறேன், சார்.” அதோடு முடிந்தது. செய்யப் போனது உண்மையில் பதினைந்து நாள் கமிஷனிங், மீதி நாள் ஏதாவது இழுத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று சேர்த்தது. தப்பு முழுக்க எங்கள் மேசையுடையது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை கடிதத்தைப் புதிதாக எழுதினோம்: எந்த மெஷின், எந்தத் தேதியில் விற்றது, ஒப்பந்தத்தின் எந்த ஷரத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சம்பளம் யார் தருவது, திரும்பி வந்து எந்த வேலைக்குப் போவார். ஒரே பக்கம். கிடைத்துவிட்டது.

ஆகவே உங்கள் கடிதத்தை இப்போதே எடுத்து, அதில் ‘வேலை செய்ய’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வார்த்தையை மாற்றி ஏமாற்றச் சொல்லவில்லை. நடக்கப் போவதை அதன் சரியான பெயரில் எழுதச் சொல்கிறேன். நிறுவுதல் என்றால் நிறுவுதல், பயிற்சி என்றால் பயிற்சி.

அடுத்து டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவம். ஏற்கெனவே அனுப்பியிருப்பீர்கள். அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒரு தடவை வரி வரியாகப் படியுங்கள், ஏனென்றால் அதிகாரி முன்னால் திரையில் இருப்பது அதுதான், உங்கள் ஃபைல் அல்ல. நம்மவர்களுக்கு அதில் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

பெயர். தமிழனுக்கும் இந்தப் படிவத்துக்கும் பிறவிப் பகை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக, ‘செந்தில்குமார்’ என்று ஒரே பெயர் இருந்தால், அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ என்று போட வேண்டும். பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது, பயப்பட வேண்டாம். அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் கவுன்டரில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் ஆள் ஒருவர் ‘மிஸ்டர் ராமசாமி’ என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அப்பாவுக்கு இங்கே என்ன வேலை என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே பெயர் இருக்கட்டும். ஆபீசில் எல்லாரும் ‘சென்’ என்று கூப்பிடுவதால் கடிதத்திலும் ‘சென்’ என்று எழுதிவிடுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

ஐந்து வருடத்தில் போன நாடுகள் என்று ஒரு கேள்வி. ஜப்பான், ஜெர்மனி எல்லாம் ஞாபகமாகப் போடுவோம், ஜோகூர் பாருவை மறந்துவிடுவோம். சனிக்கிழமை பாலம் தாண்டி பிரியாணி சாப்பிட்டு மளிகை வாங்கி வருவது வெளிநாட்டுப் பயணமாகவே நமக்குத் தோன்றுவதில்லை. மலேசியா மலேசியாதான், போடுங்கள். பாத்தாம் போயிருந்தால் இந்தோனேசியாவையும். ‘குலம், பழங்குடி ஏதாவது உண்டா’ என்ற கேள்விக்கு ஒருவர் சாதிப் பெயரை எழுதியிருந்தார். இல்லை என்று போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். சமூக வலைத்தளக் கணக்குகளையும் ஐந்து வருடத்துக்குக் கேட்பார்கள், பழைய கணக்காக இருந்தாலும் மறைக்காதீர்கள்.

இப்போது உங்கள் அண்ணன். படிவத்தில் அமெரிக்காவில் நெருங்கிய உறவு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறது, அண்ணன் தம்பி அதில் வருவார்கள். அண்ணன் இருப்பது குற்றம் இல்லை. டெக்சஸ் போகிறவர் டாலஸில் இருக்கும் அண்ணனை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பது உலக வழக்கம், பெரும்பாலும் கையில் கொடுக்கும் விசாவும் பி1, சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான பி2 இரண்டும் சேர்ந்துதான் இருக்கும், எனவே ‘முடித்த பிறகு இரண்டு நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வருவேன்’ என்று சொல்லலாம். ஆனால் இன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டு ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: “எனக்காக எப்பவாவது குடியேற்ற மனு போட்டியா?” குடியுரிமை வாங்கினவர்கள் உடன்பிறந்தவர்களுக்கு மனு போடுவதுண்டு. இந்தியர்களுக்கு அந்த வரிசை 15 வருடத்துக்கும் மேல் நீளும், போட்டவரே மறந்திருப்பார், யாருக்காகப் போட்டாரோ அவருக்குத் தெரியவே தெரியாது. அதைப் பற்றியும் படிவத்தில் கேள்வி இருக்கிறது. மனு இருப்பதாலேயே மறுத்துவிடுவார்கள் என்றில்லை. இருந்தும் ‘இல்லை’ என்று போட்டால்தான் வம்பு. முன்பு எப்போதாவது விசா மறுக்கப்பட்டிருந்தாலும் இதே கதைதான், சொல்லிவிட வேண்டும், அவர்கள் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.

அனுப்பிய படிவத்தில் தப்பு இருப்பது தெரிந்தால் திருத்திப் புதிதாக அனுப்பலாம். ஆனால் புதுப் படிவத்துக்குப் புது பார்கோடு எண் வரும். நேர்காணலுக்கு நேரம் பதிந்த கணக்கிலும் அதை மாற்ற வேண்டும், இரண்டும் பொருந்தவில்லை என்றால் வாசலிலேயே சிக்கல். புதன்கிழமை ராத்திரி இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நேர்காணல் எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். வங்கிக் கவுன்டர் மாதிரி ஒரு கண்ணாடி, நின்றுகொண்டுதான் பேசுவீர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். விரல் ரேகை எடுப்பார்கள். அதிகாரி உங்கள் முகத்தைவிட அதிகம் திரையைத்தான் பார்ப்பார், தட்டச்சு செய்துகொண்டே கேட்பார், அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் பையன்களோடு நான் ஒத்திகை பார்க்கும்போது இப்படித்தான் போகும்.

“எதற்காகப் போகிறீர்கள்?”

“என் கம்பெனியின் கான்ஃபரன்ஸ் மற்றும் டெக்னிக்கல் டிஸ்கஷன்...”

நிறுத்து. யாருக்குப் புரியும் இது? திரும்பச் சொல்.

“என் கம்பெனி சிங்கப்பூரில் பேக்கிங் மெஷின் செய்கிறது. டெக்சஸில் ஒரு உணவு ஆலை எங்களிடம் ஒரு மெஷின் வாங்கியிருக்கிறது. அதை நிறுவி, அவர்கள் ஆட்களுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு மூன்று வாரத்தில் திரும்பி வருவேன்.”

அவ்வளவுதான். இந்த மூன்று வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தால் உங்கள் ஆங்கிலம் போதும். இலக்கணம் பார்த்து யாரும் மார்க் போடப் போவதில்லை. ஆனால் மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் கொட்டாதீர்கள், அது உடனே தெரிந்துவிடும். கேள்வி புரியவில்லை என்றால் ‘மறுபடி சொல்ல முடியுமா’ என்று கேளுங்கள். புரியாமல் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுவதுதான் ஆபத்து. தூதரகத்தில் சிங்கப்பூர் பாணியில் ‘கேன், கேன்’ (முடியும், முடியும்) என்று பதில் சொல்லிவிட்டு வந்தவரும் உண்டு. அவருக்கு விசா கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வரும் கேள்விகள் இவற்றில் சிலதாக இருக்கும்: ஏன் நீங்கள், வேறு ஆள் இல்லையா? சம்பளம் எவ்வளவு, யார் தருகிறார்கள்? எத்தனை வருடமாகச் சிங்கப்பூரில்? கல்யாணம் ஆகிவிட்டதா, குடும்பம் எங்கே? முன்பு எந்தெந்த நாட்டுக்குப் போயிருக்கிறீர்கள்? ‘ஏன் நீங்கள்’ என்பதற்கு ‘மேனேஜர் அனுப்புகிறார்’ என்று சொல்லாதீர்கள். ‘இந்த மாடலை நான் நாலு வருடமாகச் செய்கிறேன், தாய்லாந்திலும் வியட்நாமிலும் நான்தான் நிறுவினேன்’ என்பது மாதிரி உங்களுக்கு உண்மையாக உள்ளதைச் சொல்லுங்கள். முன்பே சொன்னேனே, சிறப்பு அறிவு, அது இங்கேதான் வெளியே வருகிறது.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஓடுவது 214(பி) என்ற ஒரு சட்டப் பிரிவு. அதன்படி, இந்த மாதிரி விசா கேட்டு வரும் ஒவ்வொருவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டால் அதிகாரி ஏன் சந்தேகப்படுகிறார் என்று மனம் புண்படாது, அவருடைய வேலையே அது. இதற்காக நம் ஆட்கள் ஊரிலிருந்து பட்டா, சிட்டா, வீட்டு வரி ரசீது, அம்மா பெயரில் இருக்கும் நகைக்கடன் அட்டை வரை கொண்டுவருவார்கள். அந்தக் கட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்கள் வேர் இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது: இங்கே நாலு வருட வேலை, சம்பளம், மனைவியும் குழந்தையும் இருந்தால் அவர்களுடைய பாஸ், குழந்தையின் பள்ளி, ஊரில் பெற்றோர். வாயால் சொன்னால் போதும். கையில் மட்டும் இபி அட்டை, வேலைக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கீட்டு நோட்டீஸ் இருக்கட்டும், அந்த நோட்டீஸை சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு வழியாகவே எடுத்துக்கொள்ளலாம். அட்டை, தாள் எல்லாம் நிஜமாகக் கையில் வேண்டும், போனில் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆகவே நீங்கள் இங்கே வசிப்பவர் என்பதற்கு அந்த இபிதான் சாட்சி. அது இரண்டு மாதத்தில் முடியப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள். ‘திரும்பி வருவேன்’ என்று சொல்பவர் திரும்பி வர ஒரு பாஸ் வேண்டாமா?

மறுத்துவிட்டால்? 214(பி) மறுப்பு என்றால் ஒரு தாள் கொடுப்பார்கள். மேல்முறையீடு கிடையாது, ஆனால் தடையும் இல்லை, மறுபடி கட்டணம் கட்டி எப்போது வேண்டுமானாலும் போகலாம். இப்போது அது 185 அமெரிக்க டாலர், 2023 ஜூனுக்கு முன்பு 160 ஆக இருந்தது, திரும்பக் கிடைக்காது. எதுவும் மாறாமல் அடுத்த வாரமே போய் நின்றால் அதே பதில்தான் வரும். 221(ஜி) என்று ஒரு தாள் கொடுத்தால் அது வேறு, இன்னும் ஏதோ வேண்டும் அல்லது இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். கேட்ட தாளை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் புதுக் கட்டணம் இல்லை. செமிகண்டக்டர், விண்வெளி மாதிரி துறையில் இருப்பவர்களுக்கு இது சகஜம், பயோடேட்டாவும் செய்த வேலைகளின் விவரமும் கேட்பார்கள், பிறகு வாரக்கணக்கில் சத்தமே இருக்காது. பேக்கிங் மெஷினுக்கு அந்த அளவு வராது என்று நினைக்கிறேன். எதற்கும் விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் வாங்க வேண்டாம் என்று உங்கள் டிராவல் பிரிவிடம் சொல்லிவையுங்கள்.

சிங்கப்பூர் குடிமக்களான நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு ‘நமக்கு எஸ்டா போதுமே’ என்று நகர வேண்டாம். போதும்தான், 90 நாள் வரை, கட்டணம் 2025 செப்டம்பர் 30ல் 40 டாலர் ஆனது. ஆனால் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்ற கோடு அவர்களுக்கும் இதேதான். 2011 மார்ச் 1க்குப் பிறகு ஈராக், ஈரான், லிபியா, ஏமன் மாதிரி பட்டியலில் உள்ள நாடுகளுக்குப் போயிருந்தால் பொதுவாக எஸ்டா கிடைக்காது, நேப்பியர் ரோட்டில் நீங்கள் நிற்கும் அதே வரிசைக்கு வர வேண்டும். எண்ணெய்த் துறையில் இருக்கும் நம் அண்ணன்மார் சிலருக்கு இது விமான நிலையம் கிளம்பும் வாரத்தில்தான் தெரியவருகிறது. சிங்கப்பூர் பிஆர், அதாவது நிரந்தரவாசி, ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசாதான்.

வியாழக்கிழமைக்கு: நேப்பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான், தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் தடம். முன்பெல்லாம் ஆர்ச்சர்டிலிருந்து பஸ் பிடித்து வியர்த்து ஒழுகி வருவார்கள். லேப்டாப், பெரிய பை வேண்டாம், ஒரு மெல்லிய ஃபைல் போதும். புகைப்படம் இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி இல்லாமல்; 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி போட்ட படத்தை ஏற்பதில்லை. கோட்டு சூட்டு தேவையில்லை, ஆபீசுக்குப் போடும் சட்டை போதும்.

விசா கிடைத்ததும் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், மூன்றையும் அன்றைக்கே சரிபாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெரும்பாலும் பத்து வருடத்துக்குத் தருவார்கள். அதைப் பார்த்துப் பத்து வருடம் இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விசா முடிவு செய்யாது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் இறங்கும் இடத்தில் குடிநுழைவு அதிகாரி இதே கேள்விகளை மறுபடி கேட்பார். கடிதமும் ஒப்பந்தப் பக்கமும் அப்போது கைப்பையில் இருக்க வேண்டும். டூல் பாக்ஸோடு சேர்த்து செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு நின்ற ஆள் எங்களிடம் இருக்கிறார். எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று குடிநுழைவு அதிகாரி போடுவது ஐ-94 என்ற பதிவில் ஏறும், இணையத்தில் பார்க்கலாம். ஓட்டலுக்குப் போனதும் அதை எடுத்துப் பாருங்கள். மெஷின் இழுத்துக்கொண்டால், அண்ணன் ‘இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போடா’ என்றால், அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.